ஜியோகேச்சிங்

ஜியோகேச்சிங் என்பது புவியிடங்காட்டிக் கருவியின் துணையுடன், பிறர் மறைத்து வைத்துள்ள பெட்டிகளைத் திறந்தவெளியில் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆகும். ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் ஆள்கூறுகளை இணையத்தில் வெளியிடுவார். பிறர் அவ்வெண்களைத் தம் கருவியில் இட்டு அவ்விடத்தை அடைந்து, பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளிருக்கும் பதிவேட்டில் கையொப்பமிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பர். இவ்விளையாட்டு 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே ஒரு வாளியுடன் தொடங்கியது. இன்று உலகின் ஏழு கண்டங்களிலும் சேர்த்து 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. அண்டார்க்டிக்காவும் இதில் அடங்கும்.

புதையல் வேட்டை என்று பொதுவாகக் கூறப்பட்டாலும், பெட்டிகளில் பொன்னோ பொருளோ இருப்பதில்லை. சிறு பொம்மை, சாவிக்கொத்து, வெளிநாட்டு நாணயம் போன்ற மலிவான பொருள்களே இருக்கும். மிகச் சிறிய பெட்டிகளில் சுருட்டி வைத்த ஒரு காகிதத் துண்டைத் தவிர வேறெதற்கும் இடமிராது.

பெயர்

ஜியோ என்பது புவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கேச் என்பது பிரெஞ்சு மொழியில் மறைத்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பெறப்பட்டது. வட அமெரிக்கக் காடுகளில் விலங்குத் தோல் வணிகம் செய்தோரும் நாடாய்வாளரும், திரும்பி வரும்போது பயன்படுத்துவதற்காக வழியில் மறைத்து வைத்த உணவு மற்றும் பொருள்களை இச்சொல்லால் குறித்தனர். கணினியின் தற்காலிக நினைவகத்தைக் குறிக்கும் கேச் என்பதும் இதே சொல்லே. மேட் ஸ்டம் என்பவர் 2000 மே 30 அன்று இவ்விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்னும் பெயரை முன்மொழிந்தார். அதுவரை வழங்கிய பெயரில் இருந்த ஸ்டாஷ் என்னும் சொல், களவுப்பொருளையோ போதைப்பொருளையோ பதுக்கி வைப்பதையும் நினைவூட்டுவதாக இருந்தது.

முன்னோடி

பெட்டியை மறைத்துத் தேடும் பழக்கம் செயற்கைக்கோள்களுக்கு மிக முற்பட்டது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், வழிகாட்டியாகத் தொழில் செய்த ஜேம்ஸ் பெரட் என்பவர் 1854 ஆம் ஆண்டு கிரான்மியர் குளம் என்னும் எளிதில் சென்றடைய முடியாத சதுப்பிடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அங்கு வரை நடந்து சென்றவர்கள் தம் பெயர் அட்டையை அதில் இட்டு வந்தனர். இதிலிருந்து வளர்ந்ததே லெட்டர்பாக்சிங் எனப்படும் விளையாட்டு. இதில் ஆள்கூறுகளுக்கு மாறாகச் சொற்குறிப்புகளும் திசைகாட்டியும் பயன்படுகின்றன. பெட்டிக்குள் ஒரு முத்திரை இருக்கும். கண்டுபிடித்தவர் அதைத் தம் குறிப்பேட்டில் பதித்துக்கொள்வார்.

வரலாறு

புவியிடங்காட்டி முறைமை அமெரிக்கப் படைத்துறையால் உருவாக்கப்பட்டது. அதன் முதற் செயற்கைக்கோள் 1978 இல் ஏவப்பட்டது. 1983 செப்டெம்பர் 1 அன்று கொரிய விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்பரப்பில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டதில் 269 பேர் உயிரிழந்தனர். அதன்பின், இம்முறைமை முழுமையடையும்போது பொதுமக்களுக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்படும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகனின் அரசு அறிவித்தது.

ஆனால் பொதுமக்களுக்குக் கிடைத்த குறிகையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. எதிரிப் படைகள் இதைக் கொண்டு குறிவைப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். இதனால் கருவி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து 100 மீட்டர் வரை விலகியிருக்கக்கூடும். கடலில் செல்லும் கப்பலுக்கு இது பெரிய குறையன்று. ஆயினும் 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு மூன்று எக்டேருக்கும் அதிகம். அவ்வளவு பெரிய காட்டில் ஒரு வாளியைத் தேடுவது விளையாட்டாக இராது.

குடியரசுத் தலைவர் பில் கிளிண்டனின் ஆணைப்படி 2000 மே 1 நள்ளிரவில் இச்செயற்கைப் பிழை நீக்கப்பட்டது. எவரும் புதிய கருவி வாங்கத் தேவையிருக்கவில்லை. உலகெங்கும் ஏற்கனவே கையிலிருந்த கருவிகள் அனைத்தும் ஒரே இரவில் ஏறத்தாழ பத்து மடங்கு துல்லியமாயின.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்பிய கணினி வல்லுநர் டேவ் உல்மர், மே 3 அன்று போர்ட்லண்ட் நகருக்கு அருகிலுள்ள பீவர்கிரீக் பகுதியில் சாலையோர மரங்களிடையே ஒரு கரிய நெகிழி வாளியை வைத்தார். அதில் நூல்கள், மென்பொருள், ஒளிப்பேழை, சிறிது பணம், ஒரு கவண், ஒரு தகரக் குவளை அவரை ஆகியன இருந்தன. பதிவேடும் எழுதுகோலும் வைக்கப்பட்டன. வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800' என்னும் ஆள்கூறுகளை அவர் செயற்கைக்கோள் வழிகாட்டல் பற்றிய யூஸ்நெட் செய்திக்குழுவில் வெளியிட்டார். எதையேனும் எடுத்துக்கொள்பவர் எதையேனும் வைத்துச் செல்லவேண்டும் என்பது அவர் விதித்த ஒரே விதி. மூன்று நாட்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்தனர். முதலில் கண்டுபிடித்த மைக் டீக், பிறர் வைத்த பெட்டிகளின் ஆள்கூறுகளையும் தொகுத்துத் தம் இணையப் பக்கத்தில் இடத் தொடங்கினார்.

சியாட்டிலைச் சேர்ந்த வலை வடிவமைப்பாளர் ஜெரமி ஐரிஷ் 2000 செப்டெம்பர் 2 அன்று ஜியோகேச்சிங்.காம் தளத்தைத் தொடங்கியபோது அதில் 75 பெட்டிகளே இருந்தன. பின்னர் அவரும் இரு நண்பர்களும் இணைந்து கிரவுண்ட்ஸ்பீக் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தினர். இன்றுள்ள தளங்களில் இதுவே மிகப் பெரியது. தன்னார்வலர்கள் நடத்தும் ஓப்பன்கேச்சிங் தளங்கள் செருமனி, போலந்து உள்ளிட்ட நாடுகளில் இயங்குகின்றன. இத்தளங்களில் பதிவாகும் பெட்டிகளின் எண்ணிக்கை 2010 இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது. கையடக்கப்பேசிகளிலேயே புவியிடங்காட்டி இடம்பெற்றமை இவ்வளர்ச்சிக்கு முதன்மைக் காரணம். அதுவரை இது தனிக்கருவி வாங்க வசதியுள்ளோரின் பொழுதுபோக்காகவே இருந்தது.

முதல் வாளி இப்போது இல்லை. அவ்விடத்தில் 2003 இல் ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. வாளியிலிருந்த அவரைக் குவளை பின்னர் மீட்கப்பட்டு, ஆர்வலர் கூட்டங்களில் காட்சிக்கு வைக்கப்படும் பொருளாகிவிட்டது. உணவுப்பொருள் வைப்பது இன்றைய விதிகளின்படி தடை செய்யப்பட்டுள்ளது. வாசனையறிந்து வரும் விலங்குகள் பெட்டியைக் கடித்துச் சிதைத்துவிடும் என்பதே காரணம். ஆகவே முதற்பெட்டியை இன்று எவரும் வைக்கவியலாது.

இடம் அறியப்படும் முறை

புவியிடங்காட்டிச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் நாளொன்றுக்கு இருமுறை புவியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும், அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகிறது. இக்குறிகை தரையை அடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அனுப்பிய நேரத்துக்கும் பெற்ற நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொலைவு கணிக்கப்படுகிறது. நேரக் கணிப்பில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை உண்டாகும். கையிலுள்ள கருவியில் அணுக் கடிகாரம் இல்லையாதலால், அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் ஆகிய மூன்றுடன் நேரத்தையும் நான்காவதாகக் கண்டறிய வேண்டியுள்ளது. இதனாலேயே குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. தற்காலக் கருவிகள் பல ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் குறிகைகளையும் பெறுகின்றன.

திறந்த வானத்தின் கீழ் ஒரு நல்ல கையடக்கப்பேசி ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். அடர்ந்த மரக்கிளைகளின் கீழும் செங்குத்துப் பாறைகளின் அருகிலும் இத்துல்லியம் குறையும். பாறையில் பட்டுத் தெறித்து வரும் குறிகை நேரே வருவதைவிடச் சற்று அதிக தொலைவைக் கடந்து வருவதால் கருவி ஏமாறுகிறது.

ஆள்கூறுகளைப் படித்தல்

இவ்விளையாட்டில் ஆள்கூறுகள் பாகை, தசம கலை என்னும் வடிவில் தரப்படுகின்றன. ஒரு பாகையில் 60 கலைகள் உள்ளன. அகலாங்கில் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது கடைசி இலக்கம் ஒன்று கூடுவது, தரையில் ஏறத்தாழ 1.85 மீட்டரைக் குறிக்கும். நெட்டாங்குக் கோடுகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவதால், அதே அளவு நெட்டாங்கில் இடத்துக்கு இடம் மாறும். முதல் வாளி இருந்த 45 ஆம் பாகையில் அது 1.3 மீட்டர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.8 மீட்டர்.

புதியவர்கள் பெரிதும் தவறுவது இங்குதான். 17.460 கலை என்பதைப் 17 கலை 46.0 விகலை என்று கருவியில் இட்டுவிட்டால், தேடுபவர் உரிய இடத்திலிருந்து ஏறத்தாழ 570 மீட்டர் தள்ளிப்போய் நிற்பார். கருவியோ சற்றும் ஐயமின்றி அவர் வந்து சேர்ந்துவிட்டதாகவே காட்டும். கருவியின் அடிப்படைத் தளம் டபிள்யூஜிஎஸ் 84 என அமைக்கப்பட்டிருக்கவேண்டும் என்பதும் இதைப் போன்றதே. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றிலிருந்து எடுத்த ஆள்கூறுகளை மாற்றாமல் இன்றைய கருவியில் இட்டால் நூறு மீட்டர் அளவில் இடம் பிசகும்.

தேடும் முறை

கருவி காட்டும் தொலைவு நேர்கோட்டுத் தொலைவாகும். பெட்டி 300 மீட்டரில் உள்ளது என்று காட்டும்போது இடையே ஓர் ஆறோ பள்ளத்தாக்கோ இருக்கலாம். அதைக் கடக்கும் பாலம் இரண்டு கி.மீ. அப்பால் இருக்கலாம். அம்புக்குறியைப் பின்பற்றி நேரே செல்பவர் முட்புதரில் சிக்கி நிற்க, வரைபடத்தைப் பார்த்துப் பாதையில் சுற்றிச் சென்றவர் முன்னரே சேர்ந்திருப்பார். தேர்ந்தவர்கள் புறப்படும் முன், வண்டி நிறுத்திய இடத்தைக் கருவியில் குறித்துக்கொள்கின்றனர். காட்டுக்குள் பெட்டியைக் கண்டுபிடிப்பதைவிடத் திரும்பும் வழியைக் கண்டுபிடிப்பது கடினமாவதுண்டு.

கடைசிப் பத்து மீட்டரில் கருவியின் பயன் முடிந்துவிடுகிறது. மறைத்தவரின் கருவியில் 5 மீட்டர் பிழையும் தேடுபவரின் கருவியில் 5 மீட்டர் பிழையும் எதிரெதிர்த் திசைகளில் அமைந்தால், பெட்டி பத்து மீட்டர் தள்ளியிருக்கும். காந்தத் திசையுணரி இல்லாத கருவிக்கு, நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே தான் எத்திசை நோக்கியுள்ளது என்பது தெரியும். நின்றுவிட்டால் அம்புக்குறி அலைபாயத் தொடங்கும். அந்நிலையில் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் தேடுவதே முறை. இயல்புக்கு மாறாக அடுக்கப்பட்ட கற்கள், மரப்பொந்தின் வாயில் சாத்திய பட்டை, வேலிக் கம்பத்தில் தேவைக்கு மேல் உள்ள ஒரு திருகாணி முதலியவை தேடுபவரின் கண்ணில் படவேண்டியவை. மறைப்பவர் மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது என்பது விதியாதலால், தேடுபவரும் தோண்டத் தேவையில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரு மதிப்பீடுகள் உண்டு. கண்டுபிடிப்பதன் கடினம் ஒன்று. நிலத்தின் கடினம் மற்றொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை அரை அரையாக அளக்கப்படுகின்றன. நிலத்தின் கடினம் 1 எனில் சக்கர நாற்காலியிலும் செல்லலாம். 5 எனில் படகு, மலையேறும் கயிறு, நீர்மூழ்கும் கருவி போன்ற தனி உபகரணம் தேவை. கரடுமுரடான மண்தடங்களில் நாற்சக்கர இயக்க வண்டியில் மட்டுமே அடையக்கூடிய பெட்டிகளும் உள்ளன. பாலைநிலங்களில் இத்தகையவை மிகுதி.

விளையாட்டை அறியாத பொதுமக்களை ஆர்வலர்கள் மக்கிள் என்று குறிப்பிடுவர். ஆரி பாட்டர் புதினங்களில் மந்திரம் அறியாதோரைக் குறிக்கும் சொல் இது. அவர்கள் பார்க்கும்போது பெட்டியை எடுப்பது தவறாகக் கருதப்படுகிறது. எடுக்கும் இடம் வெளிப்பட்டால் பெட்டி காணாமற்போகும்.

வகைகள்

ஒரே ஆள்கூற்றில் ஒரே பெட்டி இருப்பது மரபு வகை. பல்கட்ட வகையில் முதலிடத்தில் கிடைக்கும் குறிப்பு அடுத்த இடத்துக்கு இட்டுச்செல்லும். புதிர் வகையில் வெளியிடப்பட்ட ஆள்கூறுகள் பொய்யானவை. கணக்கையோ மறைகுறியையோ விடுவித்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும்.

மாணவர்களுக்கு மிகவும் பயன்தரக்கூடியது புவியியல் வகை. அமெரிக்கப் புவியியல் கழகத்தின் ஈடுபாட்டுடன் 2004 இல் இது தொடங்கப்பட்டது. இதன் முதலிடம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் அமைந்தது. இங்குப் பெட்டி எதுவும் இராது. பாறை அடுக்கு, எரிமலைக் குழம்புப் படிவு, பனியாறு விட்டுச்சென்ற கல் போன்றவற்றை நேரில் கண்டு, அளந்து, அவ்விடத்தைப் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதி அனுப்பவேண்டும். எதையும் வைக்காமலும் எடுக்காமலும் ஆடப்படுவதால், பெட்டிகளை ஏற்காத காப்பிடங்களும் இதை அனுமதிக்கின்றன.

எண்ணிக்கைக்காகவே அமைந்த தொடர்களும் உள்ளன. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 375 ஆம் நெடுஞ்சாலை ஓரமாக, விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த இடைவெளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குப்பிகள் வரிசையாக வைக்கப்பட்டன. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவற்றைக் கண்டுபிடிக்க இது உதவுகிறது. வண்டியை விட்டு இறங்குவதும் ஏறுவதுமாக நாள் கழியும் இதில் தேடல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவே.

பெட்டிக்குப் பெட்டி பயணம் செய்யும் பொருள்களும் உண்டு. தனி எண் பொறித்த உலோக வில்லை இணைக்கப்பட்ட ஒரு பொருளைக் கண்டவர், அதை எடுத்துச் சென்று வேறொரு பெட்டியில் வைத்து இணையத்தில் பதிவு செய்வார். உரியவர் தம் பொருள் கடந்த தொலைவைக் கண்டறியலாம். 2008 இல் விண்வெளிப் பயணி ரிச்சர்ட் கேரியட் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இத்தகைய ஒன்றை வைத்தார். 2021 பெப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சீவரன்ஸ் ஊர்தியின் அளவுத்திருத்தப் பலகையிலும் இவ்விளையாட்டின் பயண எண் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது.

நிலமும் அனுமதியும்

பெட்டி வைப்பவர் பெரும்பாலும் நிலத்துக்கு உரியவர் அல்லர். இவ்விளையாட்டின் சிக்கல்களில் பெரும்பான்மையானவை இதிலிருந்தே பிறக்கின்றன. நில உரிமையாளரின் இசைவு பெறவேண்டும் என்று விதி கூறினாலும், பெற்றதாகச் சொல்பவரின் சொல்லை நம்புவதைத் தவிரப் பரிசீலிக்கும் தன்னார்வலருக்குப் பல நேரங்களில் வேறு வழியில்லை. பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். இருப்புப்பாதை, பள்ளி வளாகம் போன்ற இடங்களில் வைக்கக்கூடாது.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இசைவின்றிப் பெட்டி வைப்பது, உடைமையைக் கைவிட்டுச் செல்வதாகக் கருதித் தடுக்கப்பட்டுள்ளது. பூங்கா அலுவலர்களின் கவலை பெட்டியைப் பற்றியது மட்டுமன்று. ஒரே புள்ளியை நோக்கி வருபவர்கள் பாதையை விட்டு விலகி நடக்கும்போது செடிகள் மிதிபட்டுப் புதுத்தடம் உருவாகிறது. அத்தடம் அடுத்து வருபவரை அழைக்கிறது. இதற்கு ஈடாக ஆர்வலர்கள் 2002 முதல் ஆண்டுதோறும் கூடிக் காடுகளிலும் நீர்நிலைக் கரைகளிலும் குப்பை அகற்றி வருகின்றனர். குப்பை அகற்றுவது பாராட்டத்தக்கதாயினும் மிதிபட்ட செடிக்கு அது மாற்றாகாது.

நகரங்களில் வேறு வகைத் துன்பம் உண்டு. 2011 சூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவகம் ஒன்றின் முன் ஒருவர் ஐயத்துக்குரிய முறையில் எதையோ மறைத்து வைப்பதைக் கண்ட ஒருவர் காவல்துறைக்குத் தெரிவித்தார். தெரு மூடப்பட்டு, படைத்துறையின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு அதை வெடிக்கச் செய்தது. அது ஒரு ஜியோகேச்சிங் பெட்டி என்பது பின்னரே தெரிந்தது. வெளிப்புறத்தில் பெயர் எழுதுவதும், உள்ளிருப்பது தெரியும்படியான பெட்டியைப் பயன்படுத்துவதும் இதனால் வலியுறுத்தப்படுகின்றன.

பாதுகாப்பு

திரையில் தெரியும் எண் குறைந்துகொண்டே வரும்போது காலடியைக் கவனிக்கத் தவறுவதே விபத்துகளுக்கு வழக்கமான காரணம். உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. 2018 சூனில் செக் குடியரசின் பிராகா நகரில் மழைநீர் வடிகால் சுரங்கத்துக்குள் தேடச் சென்ற குழுவினர், மேலே பெய்த திடீர் மழையின் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். சுரங்கத்துக்குள் இருப்பவருக்கு வெளியே மழை பெய்வது தெரியாது; செயற்கைக்கோள் குறிகையும் அங்கு எட்டாது.

மின்கலம் குளிரில் விரைவில் தீரும். கையடக்கப்பேசி வலையமைப்பு இல்லாத இடத்திலும் புவியிடங்காட்டி இயங்கும். ஆனால் முன்னரே தரவிறக்கி வைக்காத வரைபடம் திரையில் வராது. ஆகவே தாளில் அச்சிட்ட வரைபடமும் காந்தத் திசைகாட்டியும் உடன்கொண்டு செல்லப்படுகின்றன. சென்ற இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்வது எல்லாக் கருவிகளையும்விடப் பயனுடையது.

பயணம் செய்வோர் அந்தந்த நாட்டின் சட்டத்தையும் அறிந்திருக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, இந்தியாவில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை உரிய அனுமதியின்றி வைத்திருப்பது குற்றமாகும். மலையேறுவோர் அவசர உதவிக்கெனக் கொண்டுசெல்லும் கருவிகள் சில இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுடன் வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டதுண்டு. குறிகையைப் பெற மட்டுமே கூடிய புவியிடங்காட்டிக் கருவி இதனின்று வேறுபட்டது.

தொடர்புடைய விளையாட்டு

பாகைச் சந்திப்புத் திட்டம் என்பது ஜியோகேச்சிங்குக்கு முற்பட்டது. அலெக்ஸ் ஜாரெட் என்பவர் 1996 இல் தொடங்கிய இதில், அகலாங்கும் நெட்டாங்கும் முழு எண்களாகச் சந்திக்கும் இடங்களுக்குச் சென்று படமெடுத்து விவரம் எழுதுகின்றனர். மறைக்கப்பட்டது எதுவும் அங்கு இராது. அவ்விடம் வயலாகவோ, ஒருவரின் கொல்லையாகவோ, கடல்நீராகவோ இருக்கலாம். வடக்கு 10°, கிழக்கு 78° சந்திக்கும் புள்ளி மதுரைக்கு வடமேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ளது.